கீழிருந்து ஏறிய தண்ணீர்

1. முதல் பெட்டி

பாலைவனத்து மண் எங்கள் ஆய்வுகூடத்துக்கு வந்த நாளில், பெட்டியைத் திறந்ததும் என் சப்பாத்தில் தண்ணீர் சொட்டியது.

ஜேர்மனியின் கெல்சென்கிர்ச்சன் நகரில் நிலத்தடி நீரைப் பற்றி ஆலோசனை சொல்லும் சிறிய நிறுவனம் ஒன்றில் நான் ஆய்வுகூடப் பணியாளராக இருந்தேன். எண்பதுகளில் இலங்கையிலிருந்து கிழக்கு பெர்லினின் ஷோனெஃபெல்ட் விமான நிலையத்தில் வந்து இறங்கி, அகதி முகாம், விசா, துப்புரவு வேலை எல்லாம் தாண்டி, பிந்திய வயதில் அவுஸ்பில்டுங் என்ற தொழிற்பயிற்சி செய்து எடுத்த வேலை அது. மண்ணை உலர்த்தி நிறுப்பது, தண்ணீரில் உப்பை அளப்பது, தூர தேசத்துக் கிணறுகளுக்குள் இறக்கிவிட்ட கருவிகள் அனுப்பும் எண்களைக் கணினியில் கோடாக வரைவது, இவைதான் என் பொறுப்பு. மலர்விழி என்ற பெயரை அங்கே யாரும் முழுதாகச் சொன்னதில்லை. "ஃப்ராவ் மலர்" என்பார்கள்.

இரண்டாயிரங்களின் நடுப்பகுதியில் ராஜஸ்தான் வேலை வந்தது. இமயத்து ஆற்றுத் தண்ணீரைப் பெரிய வாய்க்கால் வெட்டித் தார்ப் பாலைவனத்துக்குள் கொண்டுபோய்ப் பல வருடங்கள் ஆகியிருந்தன. மணலில் கோதுமையும் பருத்தியும் விளைந்தன. பிறகு சில இடங்களில் பயிர் வேரோடு அழுகத் தொடங்கியது. ஏன் அழுகுகிறது, அடுத்தது எந்த இடம் என்று நாங்கள் கண்டுபிடித்துச் சொல்ல வேண்டும்.

மண், கை நீளக் குழாய்களில், நிலத்துக்குள் எப்படி இருந்ததோ அப்படியே வந்தது. குழாயின் மேல்முனையில் ஊதினால் பறக்கும் மணல். நடுவில் ஈரம். அடிமுனை மூடியின் விளிம்பால்தான் தண்ணீர் கசிந்து என் சப்பாத்தில் விழுந்தது.

குழாய்களை எடுத்து அனுப்பிய பொறியியலாளர் முபாரக் பக்கத்தில் நின்றார். பாளையங்கோட்டைக்காரர். என்னைவிட நல்ல இளையவர். அலுவலகத்தில் தமிழ் பேசியவர்கள் நாங்கள் இரண்டு பேர்தான்.

"இது ஏதும் குளத்துக்குப் பக்கத்தில எடுத்ததோ?" என்று கேட்டேன்.

"குளமா? நீங்க வேற, அக்கா. சுத்தி மணல் மேடுதான். மேல நின்னு பார்த்தா ஒரு குட்டை கூடக் கண்ணுக்குத் தெரியாது. ஆனா அடியில பாறை மாதிரி ஒரு ஜிப்சம் லேயர் இருக்கு. வயலுக்கு விடுற தண்ணி அதைத் தாண்டிக் கீழ இறங்க முடியல. ஸோ, வருஷா வருஷம் மேல ஏறிக்கிட்டே வருது."

"அங்க இருக்கிற சனத்துக்குத் தெரியுமோ?"

"ஏறுற வரைக்கும் எப்படித் தெரியும்? காலுக்குக் கீழதானே இருக்கு."

வெள்ளிக்கிழமை குழாய்களைத் தட்டில் அடுக்கிவிட்டு வீட்டுக்குப் போனேன். திங்கட்கிழமை காலையில் ஆய்வுகூடக் கதவைத் திறந்தபோது கொஞ்ச நேரம் வாசலிலேயே நின்றுவிட்டேன். ஒவ்வொரு குழாயின் முனையிலும் வெள்ளை மயிர் முளைத்திருந்தது. மூடியின் இடுக்குகளால் வெளியே வந்து, வளைந்து, சில இடங்களில் தட்டின் மரம்வரை இறங்கியிருந்தது. கிட்டப் போய்த் தொட்டதும் உடைந்து தூளானது. உப்பு. ஈரம் வெளியே வரவர, கூட வந்த உப்பு ஊசி ஊசியாக வளர்ந்திருக்கிறது. காரணம் எனக்குத் தெரியும், படித்திருக்கிறேன். ஆனாலும் அதைத் துடைக்கிற நேரம், மூன்று நாளில் இது நல்ல தைரியமாகத்தான் வளர்ந்திருக்கு என்று உயிருள்ள ஒன்றைப் பற்றி நினைப்பது போல நினைத்தேன். துடைத்த இடத்தில் புதன்கிழமை மறுபடி முளைத்திருந்தது.

2. இரைச்சல்

எங்கள் மேலாளர் ப்ரூக்மான் நிலக்கரிச் சுரங்கங்களில் வேலை செய்து வந்தவர். அதிகம் கதைக்க மாட்டார். ஜேர்மனில் அவர் சொன்னவற்றை என் தமிழில்தான் எழுதுகிறேன்.

ராஜஸ்தான் எண்களை முபாரக் முதல் தடவை விளக்கிய அன்று, அவர் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "ரெண்டு பேரும் ஜாக்கெட்டைப் போட்டுக்கொண்டு வாங்கோ" என்றார். நகரத்துக்கு வெளியே, செங்கல் கட்டடம் ஒன்றுக்கு எங்களைக் கூட்டிக்கொண்டு போனார். உள்ளே பெரிய பம்புகள் ஓடின. சத்தம் அதிகமில்லை. ஆனால் தரை நடுங்கியது. பல்லுக்குள்ளும் அந்த நடுக்கம் கேட்டது.

"நூறு வருஷமாக் கீழயிருந்து நிலக்கரியை எடுத்தம்," என்றார் ப்ரூக்மான். "நிலம் பள்ளமாப் போச்சு. இப்ப இந்த நகரத்தின்ர சில பகுதியள் ஆத்தைவிடத் தாழ. இந்தப் பம்ப் நிண்டா, தண்ணி தானா வந்து ஏறும். முதல்ல நிலவறை. பிறகு தெரு."

"எவ்வளவு காலத்துக்கு ஓட்டணும்?" என்று முபாரக் கேட்டார்.

"எப்பவும்."

"எப்பவும்னா?"

"இங்க சனம் இருக்கும் மட்டும். இதை நிப்பாட்டுறதுக்கு ஒரு திகதி இல்லை."

முபாரக் பம்பைப் பார்த்தபடி என்னிடம் தமிழில் சொன்னார்: "அக்கா, இங்க பம்ப் வெச்சிருக்காங்க. அங்க யாரு வைப்பா?"

நான் குடியிருந்த தெருவும் அந்தப் பள்ளத்துக்குள்தான் என்று அன்றைக்குத்தான் தெரிந்தது. அதுவரை பதினைந்து வருடமாக அந்த வீட்டின் நிலவறையில் உடுப்புத் தோய்த்திருக்கிறேன். அதற்குப் பிறகு, மெஷின் நின்ற பின்பும் கொஞ்ச நேரம் அங்கே நின்று காது கொடுத்துக் கேட்பது பழக்கமாகிவிட்டது. ஒன்றும் கேட்காது. கேட்காததுதான் யோசனை.

3. ஏழின் கிணறு

வாய்க்கால் ஓரத்துக் குடியிருப்புகளுக்குப் பெயர் கிடையாது. மதகின் எண்ணும் ஓரிரு எழுத்தும்தான் பெயர். வெளி மாவட்டங்களிலிருந்து வந்து, அரசாங்கம் கொடுத்த நிலத்தில் மண் வீடு கட்டிக் குடியேறியவர்கள். முபாரக் கருவி இறக்கிய கிணறுகளில் ஒன்று நாங்கள் 'ஏழு' என்று சுருக்கிச் சொன்ன குடியிருப்பின் ஓரத்தில் இருந்தது. கிணறு என்றால் இறைக்கிற கிணறு இல்லை. நிலத்துக்குள் இறக்கிய ஒடுங்கிய குழாய், அவ்வளவுதான். உள்ளே இருந்த கருவி நீர்மட்டத்தை அளந்து, அன்றைய எண்களைக் கைத்தொலைபேசிக் கோபுரம் வழியாக எங்களுக்கு அனுப்பும்.

கருவியின் சோலார் தகட்டில் படியும் மணலைத் துடைப்பதற்கு அந்த ஊர்ப் பெண் ஒருவரை முபாரக் வேலைக்கு வைத்திருந்தார். பெயர் கம்லா. இரண்டு பெண் பிள்ளைகளின் தாய். கணவர் வாய்க்கால் கரையில் டிராக்டர் ஓட்டினார். கம்லாவுடன் முபாரக் இந்தியில் கதைப்பார்; எனக்கு அவர் தமிழில் சொல்வார்.

ஏழின் எண்களை முதல் தடவை கோடாக வரைந்தபோது, கருவி பழுது என்றே நினைத்தேன். மற்றக் கிணறுகளின் கோடுகள் மெல்ல மெல்ல மேலே ஏறின. இது ஒவ்வொரு நாளும் கொஞ்சம் இறங்கி, பிறகு ஏறியது. நித்திரை கொள்ளும் ஒருவரின் நெஞ்சு போல, ஒரே சீராக.

"முபாரக், இங்க வந்து பாருங்கோ. இது மூச்சு விடுது."

அவர் திரையைப் பார்த்துச் சிரித்தார். "மூச்சு இல்லக்கா, இது மரம். கிணத்துக்குப் பக்கத்துலயே யூகலிப்டஸ் தோப்பு இருக்கு. தண்ணியை உறிஞ்சட்டும்னு வாய்க்கால் ஆபீஸ்ல நட்டாங்க. பகல்ல மரம் குடிக்கும், லெவல் இறங்கும். ராத்திரி குடிக்காது, வயல் பக்கமிருந்து தண்ணி வந்து லெவல் ஏறிரும்."

"அப்ப ஊருக்குக் கீழ தண்ணி வராமல் பிடிச்சு வச்சிருக்கிறது அந்தத் தோப்புத்தானோ?"

"இப்போதைக்கு ஓம்," என்றார், என் பேச்சைப் பழித்துக்கொண்டு.

விளக்கம் கிடைத்த பிறகும் அது மரத்தின் கோடாக என் கண்ணுக்குத் தெரியவில்லை. மூச்சாகத்தான் தெரிந்தது. காலையில் வேலைக்குப் போனதும் தேநீரோடு முதலில் ஏழைத்தான் திறப்பேன். இறங்கி ஏறியிருந்தால் மனதுக்கு ஆறுதல். அங்கே இருந்த ஒருவரையும் நான் கண்டதில்லை. ஆனால் அந்தத் தோப்பு எந்த நாளில் வெயிலில் கூடக் குடித்தது, எந்த நாளில் மேகம் மூடிக் குறைத்தது என்று சொல்ல எனக்குத் தெரிந்தது.

4. நேர்கோடு

அடுத்த கோடை தொடங்கும்போது, ஏழின் மூச்சு சிறுத்தது.

ஒரு வாரம் பார்த்தேன். இறக்கம் நாளுக்கு நாள் குறைந்தது. கடைசியில் இறக்கமே இல்லை. கோடு நேராக, சற்றுச் சாய்வாக, மேலே போனது. திரையில் இவ்வளவு அழகான கோட்டை நான் அதுவரை கண்டதில்லை.

ப்ரூக்மானிடம் போனேன்.

"சென்சர் செத்துப் போச்சு" என்றார், தலை நிமிராமல்.

"செத்த சென்சர் ஒரே எண்ணைத்தான் அனுப்பும். இது ஏறுது."

அவர் எழுந்து வந்து பார்த்தார். கோட்டில் விரலை வைத்து மேலே இழுத்துக்கொண்டே போனார். விரல் நிலமட்டத்தைக் காட்டும் சிவப்புக் கோட்டில் போய் நின்றது. "முபாரக் எங்க?"

முபாரக் அப்போது ஜெய்ப்பூரில் ஒரு கூட்டத்தில் இருந்தார். நான் தொலைபேசியில் சொன்னதும் எண்களைத் திரும்ப ஒருமுறை வாசிக்கச் சொன்னார். பிறகு, "கம்லாவைப் போய்ப் பாக்கச் சொல்றேன்" என்று வைத்தார். ஒரு மணித்தியாலத்தில் திரும்ப எடுத்தார். குரல் மாறியிருந்தது.

"மரமெல்லாம் நிக்குதாம், அக்கா. ஆனா நிழல் இல்லையாம்."

"விளங்கேல்லை."

"கம்லா சொன்னதை அப்படியே சொல்றேன். மரம் நிக்குது, நிழல் இல்ல, தோப்புக்குள்ள ஒரு குருவிச் சத்தம் கூட இல்லைங்கிறா. இலையெல்லாம் கொட்டித் தண்ணி மேல மிதக்குதாம். தண்ணி கறுப்பா இருக்காம். அடிமரமெல்லாம் வெள்ளையா, சுண்ணாம்பு அடிச்ச மாதிரி."

இமயத்துப் பக்கம் நல்ல மழை பெய்த வருடம் அது. வாய்க்காலில் வழமையைவிடக் கூடத் தண்ணீர் விட்டிருந்தார்கள். வயல்களில் மிஞ்சியதெல்லாம் பள்ளமான ஏழுக்குத்தான் வந்திருக்கிறது. மரம் குடிப்பதைவிடத் தண்ணீர் வேகமாக ஏறி, வேர்களை மூழ்கடித்து, உப்பும் சேர்ந்து தோப்பையே கொன்றுவிட்டது. குடிப்பதற்கு இனி யாரும் இல்லை.

"நான் இப்பவே அங்க போறேன்," என்றார் முபாரக். "ஆபீஸ்ல சொல்லிருங்க."

5. தரைக்குக் கீழே

அடுத்த நாள் காலை பத்து மணியளவில், எங்கள் நேரம், முபாரக் கம்லாவின் வீட்டிலிருந்து எடுத்தார். நான் தொலைபேசியை ஒலிபெருக்கியில் போட்டேன். ப்ரூக்மானும் என் மேசைக்கு வந்து நின்றார்.

வீடு வெளியே பார்த்தால் ஒன்றுமில்லை என்றார் முபாரக். வெள்ளையடித்த மண்சுவர், கதவில் பிள்ளைகள் கீறிய மயில். உள்ளே, மூலையில் இருந்த திரிகைக்கல் வியர்த்திருந்தது. மாவுப் பானையின் அடி ஊறியிருந்தது. கட்டிலின் கால்களுக்குக் கீழே பலகை வைத்திருந்தார்கள். அல்லாவிட்டால் தரைக்குள் இறங்குகிறதாம். சுவரின் அடியில் கையகல உயரத்துக்கு ஒரு கறுப்புக் கோடு வீட்டைச் சுற்றி ஓடியது. கம்லா அதன்மேல் ஒவ்வொரு வாரமும் சுண்ணாம்பு பூசுகிறாள். ஒவ்வொரு வாரமும் அது கொஞ்சம் மேலே வருகிறது.

"அக்கா, ஒரு சத்தம் கேக்குது. நடுப்பகல்ல எல்லாரும் படுத்த பிறகுதான் நல்லாக் கேக்கும்னு கம்லா சொல்றா. போனைத் தரையில வெக்கறேன். கேளுங்க."

முதலில் ஒன்றுமில்லை. பிறகு கேட்டது. யாரோ வாயை மெல்லத் திறந்து மூடுவது போல. இடைவெளி விட்டு, மறுபடி. நாக்கில் ஏதோ ஒட்டியிருப்பது போல, ஈரமாக. ஒரு தடவை நீளமாக, ஒரு பெருமூச்சு. பிறகு பிள்ளை ஒன்று பக்கத்தில் இருமியது. அந்தச் சத்தம் நின்றது. நாங்கள் கேட்பது அதற்குத் தெரிந்துவிட்டது போல நின்றது.

அலுவலகத்துக்கு வெளியே வெயில் எறித்துக்கொண்டிருந்தது, தெருவில் ட்ராம் போனது.

ப்ரூக்மான்தான் முதலில் வாய் திறந்தார். "காத்து. தண்ணி ஏற, மணலுக்குள்ள இருந்த காத்து வெளிய போகுது." கொஞ்சம் நிறுத்தி, "சுரங்கத்துக்குள்ளயும் இப்பிடித்தான் கேக்கும்" என்றார். எங்கே, எப்போது கேட்டார் என்று சொல்லவில்லை.

"சுவர் எதால கட்டினது?" என்று முபாரக்கிடம் கேட்கும்படி என்னிடம் சொன்னார். கேட்டேன்.

"சுடாத மண் கல்லு," என்றார் முபாரக்.

"அடி கரைஞ்சுகொண்டிருக்குது. மேல காய்ஞ்சு பாரமா நிக்குது. விழும்போது சொல்லிப்போட்டு விழாது," என்றார் ப்ரூக்மான்.

அங்கேதான் சிக்கல் வந்தது. நாங்கள் வேலை செய்தது வாய்க்கால் நிர்வாகத்துக்கு. எண்களை அவர்களிடம்தான் கொடுக்கலாம், குடியிருப்பவர்களுடன் நேரே எதையும் கதைக்கக்கூடாது என்று ஒப்பந்தத்தில் இருந்தது. முபாரக் அன்று காலை சுவர்களைப் பார்த்த கையோடு அந்த அலுவலகத்துக்குப் போய்வந்திருந்தார். அங்கிருந்த அதிகாரி சொன்னதை அவர் அப்படியே பேசிக் காட்டினார்: "ஜெர்மனில உக்காந்துக்கிட்டு எங்க ஊர் சுவர் விழும்னு சொல்றீங்களா? நேத்துகூட ஜீப்ல அந்தப் பக்கம் போனேன். ஒரு விரிசல் இல்ல. சும்மா ஜனங்களைக் கிளப்பிவிடாதீங்க."

ப்ரூக்மான் யன்னலோரம் போய் நின்றார். "நாங்கள் அளக்கிற ஆக்கள்," என்றார், தனக்குத்தானே சொல்வது போல. "அளக்கிற ஆக்கள் மட்டும்தான்."

ஒலிபெருக்கி இன்னும் திறந்தே கிடந்தது. அதற்குள் அந்த வாய் மறுபடி மெல்லத் திறந்து மூடியது.

ப்ரூக்மான் திரும்பி வந்தார். "ஊரை விட்டுப் போகச் சொல்ல எங்களுக்கு அதிகாரம் இல்லை. ஆனால் கூரைக்குக் கீழ ஒருத்தரும் படுக்கவேண்டாம், சமைக்கவேண்டாம் எண்டு சொல்லச் சொல்லுங்கோ. நான் சொன்னதாகவே சொல்லச் சொல்லுங்கோ. மிச்சத்தை நான் பாக்கிறன்."

6. மணல் மேடு

சொல்வது லேசாக இருக்கவில்லை. முபாரக் ஊர்க்காரரை ஒன்றுகூட்டி விளக்கியபோது கம்லாதான் முதலில் சண்டைக்கு வந்தாளாம்.

"எங்க பாட்டன் காலத்துல ஒரு பானைத் தண்ணிக்கு ஒரு பகல் பூரா நடந்தோம். தண்ணி வரணும்னு எத்தனை கோயில்ல வேண்டியிருக்கோம் தெரியுமா? இப்ப வீட்டு வாசல்ல வந்து நிக்குது. அதைப் பார்த்துப் பயப்படச் சொல்றீங்களா?"

முபாரக் வாதாடவில்லை. "வீட்டை விட்டுப் போகச் சொல்லலை. வெயில் காலம்தானே? எப்படியும் வெளியதானே படுப்பீங்க? கொஞ்சம் தள்ளி, மணல் மேட்டு மேல படுங்க. அடுப்பையும் அங்க கொண்டு போயிருங்க. கொஞ்ச நாளைக்கு" என்றார்.

அதற்கு ஒத்துக்கொண்டார்கள். கட்டில்கள், பானைகள், ஆடுகள் மேட்டுக்கு ஏறின. பகலில் மட்டும் சாமான் எடுக்க வீட்டுக்குள் போய்வந்தார்கள்.

நான்காம் நாள் முற்பகல். கம்லா மாவு எடுக்க உள்ளே போனாள். முபாரக் வெளியே கிணற்றுக் கருவியைப் பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு நடந்ததை அவர் எனக்குப் பல தடவை சொல்லியிருக்கிறார்.

"சத்தமே இல்லக்கா. சுவர் விழும்னா டமால்னு விழும்னு நினைப்போம்ல? இது உக்காந்துச்சு. வயசானவங்க உக்கார்ற மாதிரி மெல்ல உக்காந்துச்சு. கதவுல வரைஞ்சிருந்த மயில் அப்படியே கீழ இறங்கிப் போனதைப் பார்த்தேன். அப்புறம்தான் கூரை."

கம்லா இடுப்புவரை சேற்றுக்குள் இருந்தாள். கத்தவில்லை. சேறு குளிர்ந்து இறுக்கிக்கொண்டே போனதாம். மண்வெட்டி போட்டால் காலை வெட்டிவிடும் என்று முபாரக்கும் கணவரும் அயலவர்களும் கையால் தோண்டினார்கள். தோண்டிய குழியில் உடனே தண்ணீர் ஊறியது. ஒருவர் பாத்திரத்தால் தண்ணீரை அள்ளி இறைக்க, மற்றவர்கள் தோண்டினார்கள். அவளை இழுத்தெடுத்தபோது ஒரு கால் முறிந்திருந்தது. உயிர் இருந்தது.

அவளைக் கட்டிலில் வைத்து மேட்டுக்குத் தூக்கிக்கொண்டு போகிற வழியில் அடுத்த வீடு உட்கார்ந்தது. பிறகு அதற்கடுத்தது. பொழுது சாய்வதற்குள் ஏழில் பாதி வீடுகள் தரையோடு போய்விட்டன. மேட்டில் நின்று சனம் பார்த்துக்கொண்டிருந்தது. அழுகைகூட இல்லை என்றார் முபாரக். வீடுகள் ஒன்றொன்றாக முழங்கால் மடித்து இறங்கும்போது, எல்லாரும் வாயைப் பொத்தியபடி நின்றார்களாம். மேட்டுக்குக் கொண்டுவராமல் கொட்டிலிலேயே கட்டியிருந்த கம்லாவின் எருமை ஒன்றுதான் கத்தியது. அதை அவிழ்க்க யாராலும் போக முடியவில்லை.

அந்த நேரம் நான் கெல்சென்கிர்ச்சனில் இருந்தேன். எனக்கு வந்தது எண்கள் மட்டும். அன்றைய கோட்டில் ஒரு சிறு நடுக்கம்கூட இல்லை. வீடுகள் விழுந்த அந்த மணித்தியாலங்களையும் அது மற்ற மணித்தியாலங்களைப் போலவே ஒரே சாய்வாகக் கடந்து போயிருந்தது.

7. ஆட்கள் போன பிறகு

ஏழின் ஆட்களுக்கு வாய்க்கால் நிர்வாகம் வேறொரு மதகுப் பக்கம் நிலம் கொடுத்தது. எங்கள் நிறுவனத்துக்கு அடுத்த கட்ட வேலை கிடைக்கவில்லை. காரணம் எழுதி வரவில்லை. ப்ரூக்மானும் கேட்கவில்லை.

ஏழின் கருவியைக் கழற்ற யாரும் போகாததால் அது தன்பாட்டில் அனுப்பிக்கொண்டே இருந்தது. நிலமட்டச் சிவப்புக் கோட்டைத் தாண்டி எண்கள் மேலே போயின. ஆளில்லாத ஊரிலிருந்து ஒவ்வொரு நாளும் ஒரு செய்தி. நான் அதைக் கணினியில் அழிக்கவில்லை. அழித்தால் அங்கே என்ன நடக்கிறது என்று தெரியாமல் போய்விடும் என்று ஒரு பயம். தெரிந்துதான் என்ன செய்யப் போகிறேன் என்றும் தெரியவில்லை.

இலையுதிர் காலத்தில் ஒரு காலை, தேநீரைக் கீழே வைத்துவிட்டுத் திரையைக் கிட்டப் பார்த்தேன். கோடு இறங்கியிருந்தது. மிகச் சிறிய இறக்கம். அடுத்த நாளும். அதற்கடுத்த நாளும். பழைய மூச்சு இல்லை. இது மேலோட்டமாக, விரைவாக இறங்கி ஏறியது. வேறு ஏதோ ஒன்று அங்கே குடிக்கத் தொடங்கியிருந்தது.

முபாரக் வேறு வேலையாக அந்தப் பக்கம் போனபோது ஒரு படம் எடுத்து அனுப்பினார். கம்லாவின் வீடு இருந்த இடம்முழுக்க ஆள் உயர நாணல். அதற்கு நடுவில் கண்ணாடி போலத் தண்ணீர். ஓரமெல்லாம் வெள்ளை விளிம்பு. இலையில்லாத யூகலிப்டஸ் மரங்கள் தண்ணீரில் தலைகீழாகவும் தெரிந்தன. வெள்ளைப் பறவைகள் வந்திருந்தன. தெரியாதவர் பார்த்தால் அழகான ஏரி என்பார். என் பக்கத்து மேசைக்காரி பார்த்துவிட்டு, "எவ்வளவு அழகு! விடுமுறைக்குப் போகலாமா?" என்று கேட்டாள்.

அங்கிருந்து ஒரு போத்தல் தண்ணீரும் முபாரக் அனுப்பியிருந்தார். உப்பு மீட்டரை அதற்குள் விட்டேன். எண் ஏறி, மீட்டரின் எல்லையில் போய் நின்றது. நன்றாகக் கழுவிவிட்டு மறுபடி விட்டேன். மறுபடியும் அப்படியே.

8. கம்லாவின் கேள்வி

இந்தத் துறையில் படிக்கிற பிள்ளைகள் என்னிடம் கேட்பது, எந்தக் கருவி நல்லது, எந்த மென்பொருள் நல்லது என்று. அதற்குப் பதில் வருடத்துக்கு வருடம் மாறும். நான் சொல்லக்கூடியது வேறு.

அடுத்த வருடம் முபாரக் அலுவலகத்துக்கு வந்து, "கம்லா லைன்ல இருக்கா. உங்ககிட்டதான் பேசணுமாம்" என்றார். அதுவரை நான் அவளோடு நேரே கதைத்ததில்லை. அவள் இந்தியில் சொல்ல, முபாரக் தமிழில் சொன்னார்.

"புது இடத்துல வீடு கட்டப் போறாளாம். கட்டுறதுக்கு முன்னாடி கேக்குறா. இங்க எவ்வளவு காலம் இருக்கலாம்?"

புது இடத்துக்குப் பக்கத்திலும் எங்கள் பழைய கிணறு ஒன்று இருந்தது. அதன் கோட்டை எடுத்தேன். ப்ரூக்மானைக் கூப்பிட்டேன். மூன்று பேரும் அதைப் பார்த்தோம். தண்ணீர் ஆழத்தில்தான் இருந்தது. ஆனால் ஏறிக்கொண்டிருந்தது.

"நிச்சயமாச் சொல்ல ஏலாது எண்டு சொல்லட்டோ?" என்று ப்ரூக்மானிடம் கேட்டேன். அது பொய்யில்லை, அலுவலகங்களில் நாங்கள் எப்போதும் எழுதுகிற வசனம்.

அவர் தலையாட்டினார், இல்லை என்று. "அவ அதைக் கேக்கேல்லை. தெரிஞ்சதைச் சொல்லுங்கோ."

சொன்னேன். வாய்க்கால் இப்படியே ஓடினால், வயல்களில் இப்படியே தண்ணீர் விட்டால், உங்கள் பிள்ளைகள் வளர்ந்து பெரிசாகும் மட்டும் இருக்கலாம். அவர்களின் பிள்ளைகளுக்கு அந்த இடம் இராது. என் கணக்குப் பிழைக்கவும் கூடும், தண்ணீர் முந்தியும் வரக்கூடும்.

முபாரக் அதை மொழிபெயர்த்தார். பிறகு அவள் நிதானமாகப் பேசினாள். முபாரக் கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, என்னைப் பார்க்காமல் சொன்னார்.

"தகரத்துலயும் இரும்புக் குழாயிலயும் கட்டிக்கறேங்கிறா. போல்ட்டு போட்டு, கழட்டி டிராக்டர்ல ஏத்துற மாதிரி. எங்க பாட்டன் கூடாரத்தை ஒட்டகத்துல ஏத்திக்கிட்டுத் தண்ணியைத் தேடிப் போனாரு, நான் தண்ணிகிட்ட இருந்து போவேன், அவ்வளவுதானேங்கிறா."

இந்த வேலையில் நான் படித்தது இவ்வளவுதான். நீங்கள் அளப்பது எதுவோ, அதன்மேல் யாரோ படுத்து நித்திரை கொள்கிறார்கள். அந்த எண் முதலில் போய்ச் சேர வேண்டியது அவர்களிடம். கேட்டால் பயந்துவிடுவார்கள் என்று நாங்கள் நினைக்கிறோம். கம்லா பயப்படவில்லை. போல்ட்டு எத்தனை வாங்க வேண்டும் என்று அன்றைக்கே கணக்குப் போடத் தொடங்கிவிட்டாள்.